தள்ளினால்தான் கிளம்பும் ஜீப்

ரேஷ்மா,

நீ அசந்து தூங்குகிறாய், அதனால் எழுப்பவில்லை. ஹாட் பாக்ஸில் இட்லி, அடுப்பின் மேல் வடகறி. சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திற.

நீ விலை பேசிய வானகரத்து ஆள் பதினொரு மணிக்கு ஜீப்பை எடுத்துப்போக வருகிறார். நான் பட்டாபிராமில் உன் அத்தை வீட்டுக்குப் போகிறேன். அந்த நேரத்தில் நான் இங்கே இருந்தால் சரிப்படாது. ஆர்.சி. புத்தகம் டிவிக்குக் கீழே இருக்கிறது, சாவி ஆணியில். உன் தாத்தா ஆவடி மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி, தகரம் தட்டிப் பெயின்ட் அடித்து நிறுத்த எனக்கு நான்கு வருஷம் ஆனது. அந்த ஆள் கேட்காவிட்டாலும் இதைச் சொல். பிரேக்கை இரண்டு தடவை மிதிக்க வேண்டும், அதையும் சொல்.

"தள்ளாம ஸ்டார்ட்டே ஆவாத வண்டிய வெச்சிகினு இன்னா பண்ணப் போற நைனா?" என்று நேற்று கத்தினாய். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

நைனா

பி.கு.: அவர் வந்தால் யாரும் தள்ள வேண்டாம். சாவியைத் திருப்பினால் போதும், செல்ஃப் ஸ்டார்ட்டர் எடுக்கும். போன தீபாவளிக்கே சரி பண்ணிவிட்டேன். பிறகு நானே அதன் ஒயரைக் கழற்றி வைத்தேன். இன்று காலைதான் திரும்ப மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பின்னாலிருந்து தள்ளுவேன், நீ உள்ளே உட்கார்ந்து கிளட்சை விடுவாய். அந்த ஒரு வேலைக்குத்தான் நீ மாடியிலிருந்து இறங்கி வருவாய்.