இருபத்தெட்டு வருஷக் கணக்கு

கடவுள் துணை
மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் என் முதல் வேண்டுதல். மகளுக்கு இது ஏழாம் மாதம். "அப்பா இப்ப வருவாராம்மா, இல்ல பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போனப்புறம்தானா?" என்று கேட்கிறாள். வாய் அப்படியே உங்களைக் கொண்டிருக்கிறது.

"நம் ஆயுசுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுது. அது கையில் இருந்தால் ஏப்ரல் முப்பதில் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கு வந்துவிடுவேன்" என்று எழுதியிருந்தீர்கள். வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து போட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கூட்டலும் கழித்தலும் கடைக்காரரிடம் ஏமாந்து ஏமாந்து கற்றவை. அதனால் மூன்று தடவை சரிபார்த்தேன்.

வீட்டுச் செலவு, கரண்ட், மருந்து, கடவுளுக்கு எடுத்துவைப்பது எல்லாம் சேர்த்து மாதம் ஒன்பதாயிரம். பட்டியல் தனித்தாளில் இருக்கிறது. எனக்கு ஐம்பத்திரண்டு. என் அம்மா எண்பது வரை இருந்தாள். ஆக இருபத்தெட்டு வருஷத்துக்கு முப்பது லட்சத்து இருபத்துநாலாயிரம். மகளின் பிரசவத்துக்கும் மாடி ஒழுகலை அடைக்கவும் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். விலை ஏறுமே என்பீர்கள். வங்கி வட்டியை நான் சேர்க்கவே இல்லை, அதற்கும் இதற்கும் சரியாகப் போய்விடும்.

நீங்கள் அனுப்பி நான் சேர்த்தது முப்பத்தாறு லட்சம். எல்லாம் போக முப்பத்தாறாயிரம் மிஞ்சுகிறது.

போதுங்க. வந்துவிடுங்கள்.

உங்கள்
கணக்குப்பிள்ளை


மார்ச் 19

என் கணக்குப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இருபத்திரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. பழுது பார்க்கப் போனவன் அதன் தலைமேல் உட்கார்ந்து, பிரேக்கின் சூடு ஆறும்வரை உன் பட்டியலைப் படித்தேன். பால் அரை லிட்டர். அரிசி எட்டுக் கிலோ. சோப்பு இரண்டு. முழங்கால் தைலம். எல்லாம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சவரம் செய்ய ஒரு பிளேடு மட்டும் இல்லை.

பட்டியலை மறுபடி முதல் வரியிலிருந்து பார்த்தேன். எட்டுக் கிலோ ஓர் ஆளுக்குத்தான் வரும்.

அறைக்கு வந்து விளையாட்டாகத்தான் சொன்னேன். கூட இருக்கும் சமையற்காரன் விடுவானா? "என்ன அண்ணே, வீட்ல உங்களைக் கணக்குலயே சேர்க்கலையா? காத்தைக் குடிச்சுட்டுக் கிடப்பீங்கன்னு நினைச்சுட்டாங்களோ?" என்றான். ஆறு கட்டிலும் சிரித்தன. நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

உன்மேல் கோபமில்லை. பத்தொன்பது வருஷமாக இல்லாதவனுக்கு எப்படி உலை வைப்பாய்? ஆனால் நான் வந்து உட்கார்ந்தால் உன் கணக்கு இடிக்கும். நான் இல்லாதவரை அது உன் ஆயுசுக்கும் காணும். கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷத்தில் இன்னும் எட்டு லட்சம் சேரும். போட்டுவிடலாம் என்றுதான் மனசு சொல்கிறது. உன் பதில் வரட்டும்.

முழங்காலுக்குத் தைலம் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டு.

லிஃப்ட்காரன்


கடவுள் துணை
ஏப்ரல் 3

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு அப்புறம் சமைக்கவில்லை.

தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதிவிடலாம். கடவுளுக்கு முன்னால் அது பொய். என் நோட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் வரி, 'வீட்டில் சாப்பிடுவோர்'. நீங்கள் போனபோது நாலு மூன்றானது. உங்கள் அம்மா போனதும் இரண்டு. மகளைக் கட்டிக்கொடுத்ததும் ஒன்று. போன மாதத்தைப் பார்த்து இந்த மாதத்தை எழுதுகிறவள் நான். குறைத்துக் குறைத்தே கை பழகிவிட்டது. கூட்டியதே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் நீங்கள் ஐந்து தடவை லீவில் வந்தீர்கள். பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அந்த ஐந்து மாதமும் உங்கள் செலவை 'விருந்தாளி' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒருநாள்கூடத் தவறாமல் உங்களுக்காக வேண்டிக்கொண்டவள்தான் இப்படி எழுதியிருக்கிறாள். என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்களைச் சேர்த்து மறுபடி போட உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. டீக்கு எத்தனை கரண்டி சர்க்கரை போடுகிறீர்கள்? மாத்திரை ஏதாவது உண்டா? எதிர்வீட்டுப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். உங்களுக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு இடத்தையும் வெறுமனே விட்டுவிட்டு மீதியைக் கூட்டினேன்.

இரண்டு பேருக்கு மாதம் பதினைந்தாயிரம். பிரசவத்துக்கும் மாடிக்கும் எடுத்துவைத்தது போக, பதினேழு வருஷத்தில் பணம் தீர்ந்துவிடுகிறது. எனக்கு மட்டும் என்றால் இருபத்தெட்டு. நோட்டை மூடிவைத்துவிட்டு யோசித்தேன். தனியாக இருபத்தெட்டு வருஷம் எனக்கு எதற்கு? இத்தனை நாள் இருந்து பார்த்ததே போதும். பதினேழே இருக்கட்டும் என்று கடவுளிடம் சொல்லிவிட்டேன். அதற்கு மேலே உள்ளது அவர் கணக்கு.

கையெழுத்துப் போடாதீங்க.

உங்கள் மனைவி


ஏப்ரல் 18

அன்புள்ள என் மனைவிக்கு,

சர்க்கரை கிடையாது. மூன்று வருஷமாக விட்டுவிட்டேன். இரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை, சர்க்கரைக்குக் காலையும் ராத்திரியும் ஒவ்வொன்று. நீ பயப்படுவாய் என்று எழுதாமல் இருந்தேன். நானும்தான் உன்னிடம் பாதிக் கணக்கைக் காட்டியிருக்கிறேன்.

மாத்திரை மாதம் ஆயிரம் ஆகும். போட்டுப் பார்த்தேன். உன் பதினேழு வருஷம் பதினாறாகிவிடுகிறது, அதிலும் ஒரு மாதம் குறைகிறது. உன்னைப்போல மூன்று தடவை சரிபார்த்தேன், தப்பில்லை.

இன்று காலை மேனேஜரிடம் போய் ஒப்பந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "யோசிச்சுத்தான் சொல்றியா? வெளியில ஐம்பது பேர் இதுக்கு நிக்கிறாங்க" என்றார். "அவங்கள்ல ஒருத்தருக்குக் கொடுத்துடுங்க சார்" என்றேன்.

மே ஒன்பது இரவு வந்து சேருவேன். மே மாதப் பக்கத்தின் முதல் வரியில் இரண்டு என்று எழுதிவை.

உன் கணவன்