கல்லா யார் பெயரில்

ரோட்டர்டாம், வியாழன்

அம்மா, ஆசி தாருங்கள். முழங்கால் வலி குறைந்ததா? இங்கே ஓயாத மழை, நான் நலம்.

ஒரு சின்ன சமாச்சாரம், பதற வேண்டாம். நானும் ஸாண்டரும் நடத்துகிற மத்தி டின் இணையக் கடைக்குப் பணம் வசூலித்துத் தர ஒரு கம்பெனி தேடினேன் அல்லவா? டச்சுக்காரர்கள் வங்கியிலிருந்தே நேராகக் கட்டுவார்கள். ஜெர்மன்காரர்கள் சாமான் கைக்கு வந்த பிறகுதான் கட்டுவார்கள். நம் ஊரில் நீங்களோ கடை தரும் எண்ணை ஏடிஎம்மில் தட்டித்தான் கட்டுவீர்கள். மூன்றுக்கும் வசதி தருகிற கம்பெனியை அலைந்து பிடித்தவள் நான். பதிவு செய்தவன் ஸாண்டர். கடைக்கு உரிமையாளர் என்று தன் பெயரை மட்டும் போட்டிருக்கிறான்.

கேட்டால், "உனக்குத்தான் டச்சு சரியா வராதே, எதுக்கு உன்னைச் சிரமப்படுத்தணும்னு பார்த்தேன்" என்று சிரிக்கிறான்.

"மூணு வருஷமா உன் அம்மாகிட்ட டச்சுலதானே பேசுறேன், அவங்களுக்கு மட்டும் அது புரிஞ்சுதோ?" என்றேன். காபி ஆறுகிறது என்றான்.

என் தடித்த கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். நான் மட்டும் வேறு அறைக்கு மாறுகிறேன், புது முகவரி சொல்கிறேன். பேருந்து வந்துவிட்டது.

இன்னொன்று அம்மா. நம் ஊரான செத்தூபல் துறைமுகத்து மத்தியையே எனக்காக ரோட்டர்டாமிலிருந்து வரவழைத்துச் சாப்பிடுகிறீர்களே, இனி வேண்டாம். அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

லியோனோர்