குவாரிப் பிள்ளைகளின் வருகை

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

நான் சௌக்கியம். கல்வி அலுவலக நிதிப்பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறை, அதனால் உன்னைக் கேட்கவில்லை. மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா?

நீ போட்ட புதுக் கணக்கு எங்கள் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. எல்லாப் பள்ளிக்கும் தலைக்கு ஒரே தொகை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகையில் வேன் ஓட்ட முடியாது. போன வாரத்தோடு நிறுத்திவிட்டோம். கல்குவாரிக் குடியிருப்பிலிருந்து வந்துகொண்டிருந்த பதினொரு பேரும் வரவில்லை. சிறுபிள்ளைகள் நடந்து வருகிற தூரமா அது? சாலை முழுக்கக் கல் லாரிகள் வேறு.

வாயாடியை மறந்திருக்க மாட்டாய். போன வருடம் நீ இங்கே வந்தபோது, உன் சட்டையில் ஏன் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம் என்று கேட்டுத் துளைத்தாளே, அவள்தான். அவள் இல்லாமல் மூன்றாம் வகுப்பு வெறிச்சென்று கிடக்கிறது. டி.சி. வாங்காத பிள்ளையின் பெயரை நான் அடிப்பதில்லை, உனக்குத் தெரியும். அந்தப் பதினொரு பெயரையும் தினமும் கூப்பிடுகிறேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறேன்.

ஏதாவது செய்யடா.

உன் அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தால் வேன் சாவியை நானே வந்து பிடுங்கிக்கொண்டு போனது போல இருக்கிறது. மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, அதனால் இப்போது எல்லோரையும் கடிக்கிறாள்.

இதற்கு முன் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். ஆளைத் தெரிந்த பள்ளிக்கு அள்ளிக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கிள்ளிக் கொடுத்தார்கள். அதை மாற்ற நான் நாயாய் அலைந்திருக்கிறேன். ஒரு பிள்ளை என்றால் எங்கே இருந்தாலும் ஒரு பிள்ளைதான். அதுதான் நியாயம்.

ஒரு விஷயம். ஆய்வாளர்களை அனுப்பப் பயணப்படி இல்லாததால், இனித் தலை எண்ணுவது போனில்தான். காலை மணி அடித்ததும் போன் வரும். நீ போனை மேசைமேல் வைத்துவிட்டுப் பெயர்களைக் கூப்பிட வேண்டும். எத்தனை 'உள்ளேன்' கேட்கிறதோ அதை இங்கே குமாஸ்தா அம்மா எண்ணிக்கொள்வார். முப்பதுக்குக் கீழே போனால் பள்ளியை மூடிவிடுவார்கள். என்னால் தடுக்க முடியாது. எப்படியாவது சமாளி.

தம்பி

ஜூலை 4

அன்புத் தம்பிக்கு,

இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. சிரிக்காமல் படி.

நேற்று போன் வந்தது. அறையில் இருந்தது இருபத்துநான்கு பேர். வழக்கம்போல் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். வாயாடியின் பெயரைச் சொல்லி நிறுத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து 'உள்ளேன் டீச்சர்' என்று கேட்டது. அவள் குரலேதான், அந்த இழுப்பு கூட அப்படியே. பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்ச் காலியாக இருந்தது. "டீச்சர், வாயாடி எங்க ஒளிஞ்சிருக்கா?" என்று ஒரு பொடிசு பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடியது. அடுத்தடுத்து குவாரிப் பிள்ளைகள் பதினொரு பேரும் பதில் சொன்னார்கள். "முப்பத்தஞ்சு. நன்றிங்க" என்று குமாஸ்தா அம்மா போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் குவாரிக்குப் போனேன். பிள்ளைகள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வாயாடியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், காலையில சும்மா இருக்கும்போதே 'உள்ளேன் டீச்சர்'னு சொல்றா. என்னடின்னு கேட்டா, நான் எதுவும் சொல்லலையேங்கிறா. வீட்ல முன்ன மாதிரி பேச்சும் இல்ல."

எண்ணிக்கையைத் திருத்தச் சொல். வேனைக் கொடு.

அக்கா

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

அன்றைய போன் பதிவை நானும் கேட்டேன். முப்பத்தைந்து குரலும் தெளிவாக இருக்கின்றன. உண்மையைச் சொல், டேப் போட்டாயா? என்னிடம் சொன்னால் வெளியே போகாது.

ஆனால் இங்கே நடந்ததைக் கேள். வேனை நிறுத்தியும் உன் பள்ளியில் ஒரு தலைகூடக் குறையவில்லை என்று நிதிக் குழுவில் ஒரே பேச்சு. அப்படியானால் வேன் தண்டச்செலவுதான் என்று முடிவாகிவிட்டது. மற்ற பள்ளிகளின் வேன்களையும் நிறுத்தப்போகிறார்கள். குழுத் தலைவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். இந்த நேரத்தில் நீ போய்ப் பிள்ளைகள் வரவில்லை என்று சொன்னால், உன் பள்ளியும் போகும், என் பெயரும் போகும். சும்மா இருந்துவிடு அக்கா, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

டேப்பாம் டேப்பு. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

பள்ளிக்கு வராதே. ஒரு நாள் காலையில் நேரே குவாரிக்குப் போ. மணி அடிக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் நில். பார்த்த பிறகும் இதை நியாயம் என்று நீ சொன்னால், என் கையாலேயே பள்ளியைப் பூட்டிச் சாவியை உனக்கு அனுப்பிவிடுகிறேன். இப்போது அந்தப் பிள்ளைகள் பசி என்றுகூடச் சொல்வதில்லையாம். நாள் முழுக்க அந்தக் காலைப் பதில் ஒன்றுதானாம்.

அக்கா

ஆகஸ்ட் 19

அக்கா,

போனேன்.

வாயாடியை அடையாளம் கண்டுகொண்டேன். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. அதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போயிருந்தேன். "பொத்தான் இன்னும் மாத்தல பாரு" என்றேன். என்னைப் பார்த்தாள், பேசவில்லை. பிறகு அவளுடைய சுத்தியல் நின்றது. பக்கத்தில் எல்லாச் சுத்தியலும் நின்றன. 'உள்ளேன் டீச்சர்' என்றாள். குழியின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையன் சொன்னான். வரிசையாக ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஒவ்வொரு குரலுக்கும் நடுவில், நீ ஒரு பெயரைக் கூப்பிடுகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. கடைசிப் பிள்ளை சொன்னதும் மறுபடி கல் உடைக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் முகத்திலும் எதுவும் இல்லை. நான் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே தொகை கொடுத்தால் போதும் என்று நினைத்த மடையன் நான். தூரத்துப் பள்ளிக்குத் தூரத்துக்கு ஏற்றபடி கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டேன். தலைவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். கோப்பு எட்டு மேசை தாண்ட வேண்டும், நேரமாகும். ஆனால் வேன் இல்லாமல் விடமாட்டேன். அதுவரை அவர்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிடாதே அக்கா.

தம்பி

நவம்பர் 27

என் தம்பிக்கு,

இன்று வேன் வந்தது. உன்னால்தான் வந்தது. உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினொரு பேரும் இறங்கினார்கள். முகம் கழுவி, தலை வாரி, அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு பெயர்களைக் கூப்பிட்டேன். வாயாடி என் கண் முன்னால் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நான் காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, குவாரிப் பக்கமிருந்து, மிகத் தொலைவில் 'உள்ளேன் டீச்சர்' என்று கேட்டது. அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பதினொரு பேரும் அப்படித்தான்.

அருகில் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். உடம்பு கதகதப்பாகத்தான் இருந்தது. சாக்பீஸைக் கையில் கொடுத்தால் எழுதுகிறாள். கணக்கெல்லாம் சரியாகப் போடுகிறாள். பேசச் சொன்னால் ஜன்னலைத்தான் பார்க்கிறாள்.

நாளைக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து போன் வரும். குவாரியிலிருந்து வரும் பதில் போனுக்கு எட்டுமா என்று தெரியாது. குமாஸ்தா அம்மா இருபத்துநான்கு என்று எழுதிக்கொண்டால், பிள்ளைகள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீ அவர்களிடம் சொல்வாயா? இங்கேதான் இருக்கிறார்கள் என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லையடா. நீ கிளம்பி வா. நாளைக்குப் பெயர் கூப்பிடும்போது என் பக்கத்தில் நில். தனியாகக் கூப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அக்கா