மோந்து பார்த்த திருநீறு

அன்புள்ள அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து திருநீறு கொடுத்தார். செய்தித்தாளில் மடித்த சின்னப் பொட்டலம். பிரித்தேன், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன், அதற்குப் பிறகுதான் விரலை வைத்தேன். அவர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாமி பிரசாதத்தைப் போய்ப் பெருங்காயம் மாதிரி மோந்து பார்க்கிறதே இந்த அம்மா என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். அவருக்கு உங்களைத் தெரியாது.

நேற்று நம் பெண் மலர் போன் செய்தாள். வெளிநாட்டில் அவள் இருக்கும் ஊரில் பழைய வீடு ஒன்றை விலைக்குப் பேசியிருக்கிறாள். வாங்குவதற்கு முன்னால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதித்துவிட வேண்டுமாம். ஒருவர் முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தாராம். கூரையின் உள் அட்டையில் தண்ணீர் தெளித்து, நகத்தளவு ஒரு துண்டு எடுத்து, உறைக்குள் உறையாகப் போட்டு ஒட்டி, மேலே விவரம் எழுதிக்கொண்டு போனாராம்.

"நேரா லேபுக்குப் போயிடுச்சும்மா. யாரு நெத்திக்கும் போவல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுகை வந்தது. இந்தச் சிரிப்பில் பங்கு கேட்க வேண்டியவர் நீங்கள்தானே? முடிவு இன்று தெரியும் என்றாள். காத்திருக்கும் நேரத்துக்கு உங்களோடு பேசலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நீங்கள் குடும்பத்தின் மூத்த மருமகள், நான் இளையவள். ஒரே வாடகை வீடு, ஒரே அடுப்பு. இரண்டு குடும்பமும் சேர்ந்து சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று தேடியபோதுதான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கத்து மாடி வீடு கண்ணில் பட்டது. வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுவந்த வீடு. பின்பக்கம் வெந்நீர்த் தொட்டி இருந்தது. அங்கிருந்து அறைகளுக்குப் போன குழாயில், சூடு ஆறாமல் இருக்க, கனமாக வெள்ளைப் பூச்சு பூசியிருந்தார்கள். பூச்சு அங்கங்கே வெடித்து, உள்ளே நார் நாராகத் தெரிந்தது.

அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அந்தக் குழாயைக் காட்டி, "ஆஸ்பெஸ்டாஸ்?" என்று நம்மிடம் கேட்டார். எனக்கு அது கூரைக்குப் போடும் ஷீட்டின் பெயர், அவ்வளவுதான். குழாய்க்கு எதற்குக் கூரை என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு முகம் சட்டென்று மாறிவிட்டது.

உங்கள் தம்பி வேறு ஊரில் அந்த ஷீட்டை அறுக்கும் வேலையில் இருந்தவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது மாவு மில்லில் இருந்து வருகிறவர் மாதிரி தலைமுடி வரை வெளுத்திருப்பார் என்று சொல்வீர்கள். நாற்பது வயதுக்குள் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே போன தூள் வெளியே வராது என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம்.

"அது இன்னான்னு தெரியாம நான் இந்த வூட்டுக்குக் குடி வர மாட்டேன். கொழந்த வளர்ற எடம்" என்றீர்கள்.

என் வீட்டுக்காரர் விடவில்லை. "அண்ணி, மாடியில நின்னா மலை தெரியுது, கெணத்துத் தண்ணி நல்லாருக்குது, ரேட்டும் கம்மி. ஒரு கொழாய்க்குப் பயந்துகினு வுட்டுடறதா?"

"கம்மின்னா ஏன் கம்மின்னு கேளு."

மெட்ராஸில் ஒரு கல்லூரியில் கல், மண் எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் சிநேகிதர் ஒருவர் என் வீட்டுக்காரருக்கு இருந்தார். அவரிடம் காட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. இவர் கத்தியோடு போய்ப் பூச்சைக் காய்ந்தபடியே சுரண்டி, செய்தித்தாளில் அழகாகப் பொட்டலம் மடித்து, வீட்டுக்கு வந்து முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தார். கண்ணாடிப் பலகையில்! குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், நாம் கோயில் பொட்டலங்களை வைக்கிற அதே இடத்தில். ஊரில் வேறு இடமே இல்லை பாருங்கள்.

மறுநாள் காலை மலருக்கு லேசாகக் காய்ச்சல். நாலு வயது கூட ஆகாத பிள்ளை, சிணுங்கிக்கொண்டே இருந்தது. பிள்ளை முகம் வாடினால் உங்களுக்கு முதலில் திருநீறு, பிறகுதான் கஷாயம். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தீர்கள். பலகையிலிருந்து பொட்டலத்தை எடுத்தீர்கள். மலையைப் பார்த்துக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டீர்கள். அவள் நெற்றியில் பட்டையாகப் பூசி, கண்ணை உள்ளங்கையால் மறைத்து, ஃபூ என்று ஊதிவிட்டீர்கள். வாயிலும் ஒரு துளி போட்டீர்கள்.

"நல்லாவே இல்ல, பெரிம்மா."

"சாமி துன்னூறுடி, துப்பாத."

பிறகு எனக்கு இட்டீர்கள். நீங்களும் இட்டுக்கொண்டீர்கள். குளித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் பலகையைப் பார்த்தார், எங்கள் மூன்று நெற்றியையும் பார்த்தார். "இங்க வெச்சிருந்த பொட்டலம் எங்க?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் அவரைத் திட்டிய திட்டில் தெருவே கூடியது. உங்களை ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, அக்கா. ஈரத் துணியால் குழந்தையின் முகத்தைத் துடைத்தீர்கள், வாயைக் கொப்பளிக்க வைத்தீர்கள், மறுபடி துடைத்தீர்கள். அவள் நெற்றி சிவந்துவிட்டது. நான்தான் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஊருக்கெல்லாம் சொன்னவ நானு. கடைசியில எங் கையாலயே ஊதி வுட்டுட்டேனேடி" என்றீர்கள்.

மிச்சமிருந்த தூளை எடுத்துக்கொண்டு அவர் அன்றே மெட்ராஸ் பஸ் ஏறினார். சிநேகிதர் வெளியூர் போயிருந்ததால் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அவர் திரும்பி வரும்வரை நீங்கள் மலரைத் தூக்கவில்லை. அவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அவள் தும்மினால் அடுப்படியில் உங்கள் கை அப்படியே நின்றுவிடும். அவள் தூங்கும்போது முதுகில் காதை வைத்துக் கேட்பீர்கள். காய்ச்சல் மறுநாளே விட்டுவிட்டது, உங்களுக்குத்தான் சோறு இறங்கவில்லை. உங்களைப் பார்த்து என் பயத்தை மென்று விழுங்கினேன். இருவரும் பயந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் சோறு ஊட்டுவது?

ஒரு மத்தியானம் அவர் வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். "சுண்ணாம்பும் தேங்கா நாரும், அண்ணி. வேற ஒண்ணுமே இல்ல. அந்தக் கொழாய வெத்தலையில தடவித் துன்னலாம்!"

நீங்கள் நம்பவில்லை. "நல்லா பாத்தாரா? நாரு நாரா இருந்துச்சே?"

"ரெண்டு தபா பாத்தாரு. நார நெருப்புல காட்டினாரு, பொசுங்கிப் போச்சு. ஆஸ்பெஸ்டாஸா இருந்தா எரியாதாம். இருந்திருந்தாக்கூட ஒரு தபா ஊதினதுக்கு இவ்ளோ பயப்பட வேணாம்னாரு. இனிமே யாராச்சும் காஞ்ச தூள சுரண்டினா கைய ஒடைப்பேன்னாரு. அது எனக்கு."

நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தீர்கள். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மலரைக் கூப்பிட்டு மடியில் போட்டுக்கொண்டு, அவள் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டீர்கள். "மூச்சு முட்டுது பெரிம்மா" என்று அவள் நெளிந்த பிறகுதான் விட்டீர்கள். அன்று நான் அடைந்த நிம்மதி, வீட்டைப் பதிவு செய்த அன்றுகூட எனக்கு வரவில்லை.

அந்த வீட்டில்தான் இப்போதும் இருக்கிறேன். பூச்சு உதிர்ந்த குழாயை எப்போதோ மாற்றியாயிற்று. மலர் இங்கேதான் வளர்ந்தாள். மூச்சிரைக்காமல் மலைப்பாதையில் ஓடினாள், படித்தாள், பறந்தாள். உங்களுக்கு மட்டும் ஒரு பழக்கம் தங்கிவிட்டது. யார் திருநீறு கொடுத்தாலும், அர்ச்சகரே கொடுத்தாலும், மோந்து பார்த்துத்தான் இடுவீர்கள். நான் கேலி செய்யாத நாளில்லை. "சாமிய சந்தேகப்படற ஒரே பக்தை எங்கக்காதான்" என்பேன். "சாமிய இல்லடி, பொட்டலம் மடிக்கிறவன" என்பீர்கள்.

உங்கள் கடைசி நாட்களில், பேச்சு அநேகமாக நின்றிருந்தது. கோயிலில் இருந்து திருநீறு வாங்கிவந்து உங்கள் நெற்றிக்குக் கையைக் கொண்டுவந்தேன். கண் மூடியபடியே உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"மோந்து பாத்தியாடி?"

எனக்கு வந்த சிரிப்பில் கை ஆடி, பாதித் திருநீறு உங்கள் மூக்கில் கொட்டிவிட்டது. நீங்களும் சிரித்தீர்கள். நான் கேட்ட உங்கள் கடைசிச் சிரிப்பு அது. அதற்காக நான் எந்தச் சாமிக்கும் கடன்பட்டுக் கிடக்கத் தயார்.

இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் போன் அடித்தது. மலர்தான். ஒன்றுமில்லையாம் அக்கா, சுத்தமாக ஒன்றுமில்லையாம். வெறும் காகித அட்டையாம். "பெரிம்மாகிட்ட சொல்லிடும்மா" என்றாள்.

சொல்லிவிட்டேன். இதோ, காலையில் வந்த பொட்டலத்தை மறுபடி பிரித்து உங்கள் படத்துக்கும் ஒரு கீற்று இட்டிருக்கிறேன். கவலைப்படாதீர்கள். மோந்து பார்த்துத்தான் வைத்தேன்.