புளிக்குழம்புக்குச் சேராத ஒயின்

ஐப்பசி 9, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும். பார்வதி அக்கா ரவிக்கைக்கு ஹூக் பாக்கி.

அவர் பெட்டியை இன்றுதான் திறந்தேன். உடலோடு வந்தது, வந்த நாளிலிருந்து கட்டிலடியில் கிடந்தது. சட்டைகள், சமையல் ஏப்ரன், லுங்கியில் சுற்றி ஒரு பாட்டில். வெர்மென்டினோ. இத்தாலியில் சார்டினியா தீவின் வெள்ளை ஒயின். அவர் சமைத்த ஓட்டலில் மீனுக்கு இதைத்தான் ஊற்றுவார்களாம். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவர வாங்கி வைத்தது.

"ஒரு வாய் குடிச்சுப் பாரு தனம், கடல் உப்பு தெரியும்" என்பார் போனில். "போங்க, நான் என்ன குடிகாரியா" என்பேன்.

அழுகை வரவில்லை. பாட்டிலைத் துடைத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

ஐப்பசி 10, சனி

வெயில். வாய்க்காலில் தண்ணீர் தளும்பி ஓடுகிறது. ஹூக் தைத்தாயிற்று. குழாயடியில் பேச்சு: "புருஷன் போயி ஒரு மாசம் ஆவல, மெஷின்ல உக்காந்துட்டா. கல்லு." என் காதில் விழட்டும் என்றே சொன்னது. கல்தான். சோறு தின்றால் உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை.

தினம் போனில் அவர் முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன கொழம்பு?" சொல்லச் சொல்ல, அந்த ஒயினுக்குச் சேருமா சேராதா என்று தீர்ப்பு. நெத்திலி வறுவல்: சேரும், மிளகாய்த்தூள் கம்மியா. வாழைப்பூ வடை: ஜோர். தேங்காய்ப்பால் இடியாப்பம்: சீனி போடாவிட்டால் சரி. புளிக்குழம்பு?

"ஐயோ, வேணாம். ரெண்டும் கெட்டுப்போயிடும். வாய் தகரமாயிடும்."

"குடிக்காம எப்படி நம்புறதாம்?"

"வந்து காட்டுறேன் இரு."

ஐப்பசி 11, ஞாயிறு

நாளை முப்பதாம் நாள் படையல். கொழுந்தன் முருகேசன் வந்தான். "அண்ணி, அண்ணனுக்கு ஒரு குவாட்டர் பிராந்தி வாங்கிடவா?"

"உங்க அண்ணன் அதைத் தொட்டதே இல்லப்பா." ஒயினைக் காட்டினேன். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தஞ்சாவூர் மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்கிவரச் சொன்னேன். உப்பும் எலுமிச்சையும் மட்டும் தடவிச் சுட வேண்டும். ஒயினைக் குளிர வைக்க வேண்டும். இந்த ஒன்றாவது அவர் சொன்னபடி நடக்க வேண்டும்.

அத்தை விடவில்லை. "மீன்கொழம்பு இல்லாம படையலா? புளி தூக்கலா இருந்தாத்தான் எம்புள்ளைக்குச் சோறு எறங்கும்." பெற்றவள். புளியை எடுத்து வைத்தேன்.

ஐப்பசி 12, திங்கள்

மழை. கரண்ட் இல்லை. ஒயின் பாதிதான் குளிர்ந்தது. தக்கை வரவில்லை. முருகேசன் ஸ்குரூ டிரைவரால் உள்ளே தள்ளிவிட்டான். தூள் மிதந்தது. நான் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவதற்குள் டம்ளரில் பாதி ஒயின், பாதி சோடா.

"கலக்காம வச்சா அண்ணனுக்கு நெஞ்சு எரியும் அண்ணி." முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது அவனுக்கு. சிரிப்புதான் வந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு, சோடா இல்லாமல் பக்கத்தில் இன்னொரு டம்ளர் வைத்தேன்.

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம், அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று. அத்தை இருமிவிட்டுத் திறந்தாள். "அவன் எலை ஒனக்குத்தாம்மா, உக்காரு."

மற்றவர்களுக்குக் கூடத்தில் பந்தி. நான் தனியாக. சுட்ட மீன் ஒரு வாய், ஒயின் ஒரு வாய். எலுமிச்சை. உப்பு. கடைசியில் பாதாம் தோலின் கசப்பு. அவர் சொன்னதெல்லாம் இருந்தது. நாக்குக்கு உயிர் வந்துவிட்டது.

அப்புறம் வேண்டுமென்றே குழம்பு ஒரு வாய், மறுபடி ஒயின்.

தகரம். அசல் தகரம்.

நீங்க சொன்னது சரிதாங்க, சேரவே இல்ல. சொல்வதற்குப் போனை எடுத்து அவர் பெயரை அழுத்தியும் விட்டேன். ஏதோ இத்தாலியக்காரி பேசினாள். புரியவில்லை. மறுபடி அழுத்தினேன். அவளேதான், அதே பேச்சு.

அத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏம்மா இப்புடி அழுவுற, கொழம்பு ஒறைக்குதா?"

ஆமாம் என்றேன்.