அப்பாவுக்குக் கொண்டுவந்த கல்

மகளே,

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் எனக்கு முகம் கொடுக்காம போலீஸ் டூட்டிக்குப் போயிட்ட. நீ விட்டுட்டுப் போன பையில கருப்பா, ஓட்டை ஓட்டையா ஒரு கல்லு கிடந்துச்சு. குதிகால் தேய்க்கிற கல்லுன்னு நினைச்சு குற்றால அருவிக்குக் கொண்டுபோயிட்டேன். மாடத்தி மதினிதான் வாங்கிப் பார்த்தா.

"ஏட்டி, அடியில 'அப்பாவுக்கு, கிளிமஞ்சாரோ'ன்னு எழுதியிருக்கே!"

மலையேறக் கிளம்புறதுக்கு முன்ன நீ சொல்லித் தந்தபடியே, "ஆப்பிரிக்காவுல உறங்குற எரிமலை. நெருப்புக் குழம்பு ஆறி இறுகுன கல்லாக்கும். எம்மக உச்சிவரை ஏறுனா!"ன்னு அருவிச் சத்தத்துக்கு மேல கத்தினேன்.

நீ பாதி மலையில இருக்கையில அப்பா போனதை ஏன் சொல்லலைன்னு கேட்ட. "பிள்ள ஏறி முடிக்கட்டும்"னு அவருதான் கடைசியா சொன்னாரு.

கல்லு இப்ப அவர் படத்துக்கு முன்னால இருக்கு. வர்றவங்க எல்லாரும் தொட்டுப் பார்க்காங்க. லீவு கிடைச்சா வா. கோபத்தை எங்கிட்ட காட்டு, அவர்ட்ட காட்டாதே.

உன் அம்மா