சிங்கத்துக்குப் பிறகு கடல்

4.6.2016
மகன் தீனதயாளன் ஆப்பிரிக்காவிலிருந்து போன் செய்தான். ஆகஸ்டுக்கு டிக்கெட் எடுக்கிறானாம். "மூணு நாளு காட்டுல சிங்கம், யானை. அப்புறம் நாலு நாளு தீவுல, கடலோரமா. வந்துடும்மா."
பாஸ்போர்ட் தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கியது, கைநாட்டு இல்லை. அஞ்சாம் வகுப்பு படித்தவள் நான்.

9.6.2016
கோலியனூர் போய் நாத்தனார் வடிவிடம் சொன்னேன். "மரக்காணத்துல பொறந்தவளுக்குக் கடலக் காட்டப் போறானா ஒம் புள்ள?" என்று சிரித்தாள்.
அவளுக்கு என்ன தெரியும். கட்டிக்கொண்டு வந்த முகையூரில் கிணற்றுத் தண்ணீர், இப்போது திண்டிவனத்தில் குழாய்த் தண்ணீர். கல்யாணம், சாவு என்று மரக்காணம் போனால் காலை நனைப்பதோடு சரி. மாமியாரான பிறகு நாலு பேர் பார்க்க இறங்கிக் குளிக்க முடியுமா? அந்தத் தீவில் என்னை யாருக்குத் தெரியும்! சிங்கம் கிடக்கட்டும்.

11.6.2016
கருநீலத்தில் சிந்தடிக் புடவை ஒன்று எடுத்தேன். நனைந்தாலும் உடம்பு தெரியாது.

18.6.2016
பேத்தி பவானி போனில் பேசினாள். நாலு வயசு, மறைக்கத் தெரியாது. "ஆயா, அப்பாவும் அம்மாவும் தீவுக்குப் போவாங்க. நீயும் நானும் வீட்டுல இருக்கணும்."
தீனா வாங்கி மென்று முழுங்கினான். குழந்தைகளைச் சேர்க்காத ஓட்டலாம்.
இதுக்கா கூப்ட்டான்? ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேனே —

19.6.2016
வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.
"முட்டி வலியாம்மா?"
"முட்டி நல்லாத்தான் கீது. புள்ளையப் பாத்துக்க வான்னு நேரா கூப்ட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். கடலக் காட்டறேன்னு ஏன்டா சொன்ன?"
போனை வைத்துவிட்டேன்.

23.6.2016
அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை.

26.6.2016
மருமகள் சித்ரா பேசினாள். "அத்தை, அந்த ஓட்டல வேணாம்னுட்டேன். கடலுக்கு எதுக்க ஒரு வீடு பாத்திருக்கேன். நாலு பேரும் ஒண்ணா இருக்கலாம்."
கல்யாணமாகி ஆறு வருடத்தில் இருவரும் தனியாக எங்கும் போனதில்லை என்பது பேச்சோடு பேச்சாக வந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.
"ஓட்டலையும் வுடாத. ரெண்டு நாளு நீங்க அங்க இருந்துட்டு வாங்க. புள்ளைய நான் பாத்துக்கறேன். ஆனா அந்தக் கடலோரத்து வீட்டுல."

17.8.2016, தீவு
சிங்கம் பார்த்தாயிற்று. தூங்கிக்கொண்டிருந்தது.
நேற்றுக் காலை இருவரும் ஓட்டலுக்குப் போனார்கள். இன்று மதியம் தலை துவட்டும்போது சித்ரா போன் செய்தாள்.
"பாப்பா அழுவுறாளா அத்தை?"
"அழுவுறா. தண்ணிய வுட்டு வெளிய வாடின்னா அழுவுறா."
சாயங்காலம் வந்துவிடுகிறோம் என்றாள். இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்றேன்.
அவர்களுக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.